பேர் வெட்டின டம்ளர்

இங்கிட்டு வந்து உக்காருங்க தம்பி. அந்த பெஞ்சுல உக்காந்தா கால் ஆடும், விழுந்து வச்சிங்கன்னா உங்களையும் உள்ள படுக்கப் போட்டுருவாங்க. முத நாளா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. முத நாள் எல்லாரும் அந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. பாத்தா மட்டும் சீக்கிரம் தெறந்துருமா? நாலு மணி நேரம் ஆகும். உடம்புல ஓடுற ரத்தத்தை வெளிய எடுத்து, சலிச்சு, திருப்பி உள்ள விடணும்ல. உள்ள யாரு, அண்ணனா? பயப்படாதீங்க. ஊசி குத்தறப்ப சுருக்குன்னு இருக்கும், அப்புறம் ஒண்ணும் இல்ல. தூங்கிருவாரு.

டீயா? இல்ல தம்பி, வேணாம். நீங்க குடிச்சிட்டு வாங்க. எம்மக உள்ள இருக்கறப்ப நான் பச்சைத் தண்ணி தொடறதில்ல. அவ வெளிய வந்து ஒரு வாய் குடிக்கட்டும், அப்புறம்தான் எனக்கு. அது எங்களுக்குள்ள ரொம்ப நாள் பழக்கம்.

அந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாருங்க, சன்னலோரக் கட்டில்ல படுத்திருக்கே, அதான் என் மக. சுகந்தி. தலையை இறுக்கிப் பின்னிப் போட்டிருக்கும் பாருங்க, அது. பாக்க ஒல்லியா இருக்கா, ஆனா அந்த இடது கை இருக்கே தம்பி, அது பேசும். ஸ்டேட் சாம்பியன். பாக்சிங். நம்ப மாட்டீங்க. நிசந்தான். இந்தா, பையில மெடல் வச்சிருக்கேன், பாருங்க. தொட்டுப் பாருங்க, பரவால்ல. அவ வீட்டுல இருந்தா எங்கயாவது பரண்ல போட்டுருவா, அதான் நானே வச்சிக்கிட்டேன்.

உள்ள கூட்டிட்டுப் போறப்ப எடை மெஷின்ல ஏத்தினாங்கல்ல உங்க அண்ணனை? அது எதுக்குத் தெரியுமா? இவங்களுக்கு ஒண்ணுக்குப் போகாது. குடிச்ச தண்ணி பூராம் உடம்புலயே நிக்கும். எடை கூடியிருந்தா, சொன்ன பேச்சு கேக்காம தண்ணி குடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நர்சம்மா பிடிச்சு வையும். வைஞ்சுச்சா? வையும், வையும். எல்லாரையும் வையும். எம்மகளை மட்டும் வைஞ்சதே இல்ல. "சுகந்தியைப் பாருங்க, அளந்து குடுத்ததுக்கு மேல ஒரு மடக்கு குடிக்குதா? கத்துக்கங்க"ன்னு மத்தவங்களுக்கு அவளைத்தான் காட்டும். தாகமெடுத்தா வாயைக் கொப்புளிச்சுத் துப்பிருவா, முழுங்க மாட்டா. எலுமிச்சம்பழத் தோலை நாக்குல ஒட்டி வச்சுக்குவா. நர்சம்மா எங்கிட்ட வந்து, "இந்தப் பொண்ணு இதெல்லாம் எங்கங்கய்யா கத்துக்கிச்சு"ன்னு கேட்டுச்சு. நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன்னு சொன்னேன். சொல்றப்ப பெருமையா இருந்துச்சு.

நான் திண்டுக்கல்லு மில்லுல ஃபிட்டரா இருந்தவன். அப்ப மில்லுக்கு பாக்சிங் டீம் இருந்துச்சு. நான் நல்லா ஆடுவேன், சும்மா சொல்லல. கோயமுத்தூர்ல பெரிய போட்டி. சித்திரை வெயிலு. பஸ்ஸு ஒட்டன்சத்திரத்துல நின்னுச்சு. நாக்கு உலந்து போச்சு, எறங்கி ஒரு கோலி சோடா குடிச்சேன். ஒண்ணே ஒண்ணு. அங்க போயி எடை மெஷின்ல ஏறினா முள்ளு ஒரு மயிரிழை தாண்டி நிக்குது. போயி ஓடிட்டு வான்னு கொஞ்ச நேரம் குடுத்தாங்க. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு அந்த கிரவுண்டைச் சுத்திச் சுத்தி ஓடறேன், வேர்வை வரமாட்டேங்குது. எடை எறங்கல. போயிட்டு வாப்பான்னு சொல்லிட்டாங்க. அடி வாங்கித் தோத்தா அது வேற தம்பி. நான் அந்த ரிங்குக் கயித்தைத் தாண்டி உள்ளயே போகல. ஒரு சோடாவுல என் கதை முடிஞ்சு போச்சு.

அதனாலதான் எம்மக விசயத்துல நான் உசாரா இருந்தேன்.

அவ அம்மா காய்ச்சல்ல போனப்ப இவ மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தா. வீட்டுல விட ஆளில்ல. சாயங்காலம் பிராக்டீசுக்குப் போறப்ப கையோட கூட்டிட்டுப் போவேன். மூலைல உக்காந்து கிளவுசை மோந்து பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு நாள் மாட்டி விட்டேன். சோறு உருட்டுறது வலது கை, ஆனா குத்து வர்றது இடது கைல. எதுத்தாப்புல நிக்கிறவனுக்கு எங்கிட்டு இருந்து வருதுன்னே தெரியாது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நான் தாண்டாத கயித்தை இவ தாண்டுவான்னு.

எல்லாம் நாந்தான். காலைல எழுப்பி ஓட விடறது, ஸ்கிப்பிங், அவ குத்தறதுக்கு பேடு பிடிக்கிறது, முட்டை அவிக்கிறது, தலை பின்னி விடறது வரைக்கும். தலை பின்னத் தெரியாம முத கொஞ்ச நாள் கோணல்மாணலா பின்னி அனுப்புவேன். பள்ளிக்கூடத்துல சிரிப்பாளுங்களாம். அவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. "நல்லாருக்குப்பா"ம்பா.

இந்த விளையாட்டுல எடைதான் தம்பி எல்லாம். நாப்பத்தெட்டுக் கிலோவுல பேர் குடுத்தா நாப்பத்தெட்டுக்குள்ள நிக்கணும். அவ்வளவுதான். போட்டி நெருங்க நெருங்க சோத்தைக் குறைக்கணும், அப்புறம் உப்பைக் குறைக்கணும், கடைசில தண்ணியைக் குறைக்கணும். எல்லாரும் செய்யறதுதான். எங்க தெருவுல சவரிமுத்துன்னு ஒருத்தர் பேக்கரி வச்சிருந்தாரு. ரொட்டி அடுப்பு இருக்கற ரூமு நெருப்பா கொதிக்கும். இவளுக்கு மழைக்கோட்டை மாட்டி, தலைக்கு உல்லன் குல்லா போட்டு, அந்த அடுப்பு முன்னாடி நிக்க வச்சு ஸ்கிப்பிங் ஆட விடுவேன். கயிறு சுத்தற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். எதுக்க தட்டு நிறைய பன்னு. அப்பத்தான் எடுத்து வச்சது, ஆவி பறக்கும். சவரிமுத்து ஒரு பன்னை எடுத்துக்கிட்டு வந்துருவாரு. "யோவ், புள்ள கண்ணு சொருகுதுய்யா, ஒண்ணைத் தின்னட்டும்யா"ம்பாரு. அவருக்கு என்ன தெரியும், பன்னு விக்கிறவரு. நான் ஒரு சோடா குடிச்சதுக்கே என்ன ஆச்சுன்னு உமக்குத் தெரியுமாய்யான்னு கேக்கத் தோணும். அவரு கடைசில கோவிச்சுக்கிட்டு, "இனிமே என் அடுப்புப் பக்கம் வராதே"ன்னுட்டாரு. போயான்னு வந்துட்டேன்.

ஆனா தம்பி, அவளைப் பட்டினி போட்டுட்டு நான் தின்னேன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. அவ குடிக்காத அன்னைக்கு நானும் குடிக்க மாட்டேன். ரெண்டு பேரும் வீட்டுல எதுத்தாப்புல உக்காந்திருப்போம், உதடு வெடிச்சுப் போயி. "அப்பா, நாளைக்கு எடை பாத்ததும் எனக்கு என்ன குடுப்பீங்க"ன்னு கேப்பா. இந்தா, இந்த டம்ளரைப் பாருங்க. பேர் வெட்டியிருக்கா? ப. சுகந்தி. அவ காதுகுத்துக்கு அவ அம்மா பேர் வெட்டி வாங்குனது. எங்க போட்டிக்குப் போனாலும் இதைத்தான் கொண்டு போவேன். மெஷினை விட்டு இறங்கி வருவா, நான் வாசல்லயே நிப்பேன். உப்பும் எலுமிச்சம்பழமும் போட்ட தண்ணி. முத வாய் என் கையாலதான். என் கையை ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு குடிப்பா பாருங்க, கண்ணை மூடிக்கிட்டு. உலகத்துல எந்தப் புள்ளையும் அப்பன் கையால அப்படிக் குடிச்சிருக்காது. அந்த ஒரு நிமிசத்துக்காக நான் என்ன வேணா செய்வேன்.

இருங்க, கதவு தெறக்குதா? இல்ல, வேற யாரோ. இன்னும் நேரம் இருக்கு.

பிள்ளை வளந்துச்சு. வளரத்தான செய்யும். பிராக்டீசுக்குப் போற ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல ஒரு கோச் மேடம், சின்ன வயசு, பட்டியாலாவுல எல்லாம் போயி கோச்சுப் படிப்பு படிச்சிட்டு வந்தது. எங்கிட்ட வந்து, "அண்ணே, உங்க பொண்ணு எலும்பு பெரிசாகுது. அம்பத்தொண்ணுல ஆட விடுங்க. இப்படி வத்த வைக்காதீங்க, உடம்பு கெட்டுரும்"னுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அம்பத்தொண்ணுல சேலத்துக்காரப் புள்ள ஒண்ணு, ஆம்பளை மாதிரி தோள். அங்க கொண்டு போயி எம்மகளை அடி வாங்க வைக்கச் சொல்றியா? நாப்பத்தெட்டுல இவளை அடிக்க தமிழ்நாட்டுல ஆள் கிடையாது. மேடத்துக்கு வேற யாரோ புள்ளை மேல ஆசை, இவளை ஓரங்கட்டப் பாக்குதுன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். சுகந்திகிட்டயே கேட்டேன். "நீ சொல்லும்மா, எதுல ஆடறே?" அவ என் மூஞ்சியைப் பாத்தா. "நீங்க சொல்றதுலப்பா"ன்னா. பாத்தீங்களா? அவளாச் சொன்னது. நான் கட்டாயப்படுத்தல.

ஆனா எடை எறங்க மாட்டேங்குது. அடுப்பு கிடையாது, சவரிமுத்து விட மாட்டேன்னுட்டாரு. என்ன செய்ய? அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. எங்க அண்ணனுக்கு கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுத்திருந்தாங்க. போட்டா ஒண்ணுக்கு அப்படிப் பிரிஞ்சு போகும், காலு வடிஞ்சிரும். பாத்திருக்கேன்ல. ஃபிட்டரு மூளை தம்பி, எங்க அடைப்பு, எங்க தொறப்புன்னுதான் யோசிக்கும். வாங்கி, உறையைப் பிரிச்சுத் தாள்ல மடிச்சு வச்சுக்கிட்டேன். சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தேன். அவகிட்டச் சொன்னா பயந்துக்கும், அந்த விளையாட்டுல அது தடை பண்ணின மாத்திரை. தெரியாம சாப்ட்டா அவ மேல பாவம் இல்ல பாருங்க. மறுநாள் மெஷின்ல ஏறினா, முள்ளு கும்பிட்டுக்கிட்டு நின்னுச்சு. ஸ்டேட் ஃபைனல்ல அந்த இடது கையால ஒண்ணு விட்டா பாருங்க. இந்த மெடல் அதுல வந்ததுதான்.

நீங்க யாருகிட்டயும் சொல்லிறாதீங்க தம்பி. பேச்சுவாக்குல வந்துருச்சு. தெரிஞ்சா மெடலைத் திருப்பி வாங்கிருவாங்க.

அப்புறம் நேஷனல்ஸ். வடக்க, மே மாசம், அந்த ரயிலு அடுப்பை விட மோசம். போற வழி பூரா சத்து மாத்திரைதான், தண்ணி இல்ல. எடைக்குள்ள வந்துட்டா. டம்ளர்ல குடுத்தேன், குடிச்சா. ஆனா கண்ணை மூடல, என்னையே பாத்துக்கிட்டு குடிச்சா. அது அன்னைக்கு எனக்கு உறைக்கல. மறுநாள் ரிங்குல ஏறினா, பெல்லு அடிச்சாங்க, ரெண்டு அடி முன்னாடி வந்தா, அப்படியே விழுந்துட்டா. அடி வாங்கல தம்பி. எதுத்த புள்ள கை கூட ஓங்கல, அதுவே பயந்து போயி பின்னாடி போயிருச்சு. நடுவர் எண்ணுறாரு. நான் கீழ இருந்து "எந்திரி, எந்திரி"ன்னு கத்துறேன். அங்கயே ஆஸ்பத்திரில சேத்தோம். ஒண்ணுக்கு வரக்காப்பி நிறத்துல போச்சு.

அந்த ஊர் தண்ணி தம்பி. அந்த ஊர் தண்ணி சுத்தமில்ல. நான் அன்னைக்கே சொன்னேன்.

அதோட விட்டுட்டா. கிளவுசை யாருக்கோ குடுத்துட்டா. பி.டி. டீச்சரா ஒரு பள்ளிக்கூடத்துல சேந்தா. ஒரு தடவை போயிப் பாத்தேன். கிரவுண்டு நடுவுல பெரிய தண்ணி டிரம்மு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விசில் ஊதுவா, எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்து மொண்டு மொண்டு குடிக்குதுங்க. குடிக்காத புள்ளையப் பிடிச்சு நிறுத்தி, குடிக்க வச்சு அனுப்புறா. என்னம்மா இது, இப்படி வளத்தா எவன் ஜெயிப்பான்னு கேட்டேன். "ஜெயிக்க வேணாம்பா"ன்னா. எம்மக சொல்ற சொல்லா அது?

கல்யாணமும் நல்லாத்தான் நடந்துச்சு. மாப்ள அருளப்பன், டெய்லர் கடை, தங்கமான பையன். ஆனா கொஞ்ச வருசத்துல காலு வீங்க ஆரம்பிச்சுச்சு. வாந்தி. மூச்சு வாங்குது. இங்க கொண்டு வந்தா, ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னுட்டாங்க. டாக்டரு கேட்டாரு, "முன்னாடி ஏதும் மாத்திரை ரொம்ப நாள் சாப்ட்டியாம்மா?" இவ, "அப்பா சத்து மாத்திரை குடுப்பாருங்க"ன்னா. டாக்டரு என்னைப் பாத்தாரு. "என்ன மாத்திரைங்கய்யா?" சத்து மாத்திரைதாங்கன்னேன். வேற என்ன சொல்ல? அவளுக்கு உடம்புதான் போச்சு, பேராவது இருக்கட்டும். இந்த மெடலும் போயிட்டா அவகிட்ட என்ன தம்பி இருக்கு?

மாப்ள கிட்னி குடுக்கறேன்னாரு, ரத்தம் சேரல. என்னது சேருது. எல்லாம் பாத்துட்டாங்க, ஸ்கேனு, ரத்தம், எல்லாம். "இந்த வயசுலயும் உங்க கிட்னி கல்லு மாதிரி இருக்குங்கய்யா"ன்னாரு டாக்டரு. எனக்கு ஆனந்தத்துல அழுகையே வந்துருச்சு. எடுத்துக்கங்க சாமி, ரெண்டையும் எடுத்துக்கங்கன்னு சொன்னேன்.

இவ வேணாங்கறா.

அப்பன் கிட்னியை வேணாங்கற மகளை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? உங்க அண்ணனுக்கு நீங்க குடுத்தா அவரு வேணாம்பாரா? டாக்டரு சொல்லிப் பாத்துட்டாரு, மாப்ள காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சிட்டாரு. கடைசில எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொன்னா. "எங்கப்பா ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும். அது என்ன மாத்திரைன்னு அவர் வாயால எங்கிட்டச் சொல்லட்டும். சொன்னார்னா நாளைக்கே ஆப்பரேசன் வச்சுக்கலாம்."

எனக்கு விளங்கல தம்பி. கிட்னிக்கும் அந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? அது எப்பவோ குடுத்தது. நான் கேக்கறது இப்ப. உசுரைக் காப்பாத்தறேன்னு வந்து நிக்கிறவன்கிட்ட, பழைய கதையைக் கேக்கறா. பிடிவாதம். சின்ன வயசுல இந்தப் பிடிவாதம் கிடையாது. சொன்னா கேக்கும்.

நாள் தள்ளத் தள்ள ஆகாதுங்கறாரு டாக்டரு. ஊசி போடற அந்த நரம்பு வேற அடைச்சு அடைச்சுப் போகுது. எந்தக் கைலன்னு நினைக்கிறீங்க? இடது கைல. இன்னைக்கு எடை பாத்தப்ப நான் எட்டிப் பாத்தேன். நாப்பத்தெட்டுக்கும் கீழ. அன்னைக்கு அதுக்குத்தான் அப்பனும் மகளும் தலைகீழா நின்னோம். இப்பத் தானா வந்து நிக்குது. கடவுளு எப்படியெல்லாம் கணக்குப் போடறான் பாருங்க.

எனக்கு ராத்திரில அவ பழைய மாதிரி கேக்கற மாதிரியே இருக்கும். "அப்பா, நாளைக்கு எனக்கு என்ன குடுப்பீங்க?" என்னைக் குடுக்கறேன் தாயின்னு சொல்றேன். அவ வாங்க மாட்டேங்கறா. அப்புறம் நான் எதுக்குத் தம்பி உசுரோட இருக்கேன்?

சரி, சரி. கதவு மேல லைட்டு மாறிருச்சு, அவளுக்கு முடிஞ்சிருச்சு. உங்க அண்ணன் அடுத்து வருவாரு. மாப்ள வண்டி எடுக்கப் போயிட்டாரு போல. கொஞ்சம் அந்த வாட்டர் பாட்டிலை எடுங்க. முடிச்சு வந்ததும் ஒரு முக்கால் டம்ளர் குடிக்கலாம்னு நர்சம்மா சொல்லியிருக்கு. உப்பு ஆகாது, எலுமிச்சம்பழமும் வேணாம்னுட்டாங்க. வெறுந்தண்ணி. ஒவ்வொரு தடவையும் இந்த டம்ளர்ல ஊத்தி வாசல்ல நிப்பேன். இதுவரைக்கும் வாங்குனதில்ல. இன்னைக்கு வாங்கினாலும் வாங்குவா. நீங்க பாருங்களேன்.

வாம்மா. மெதுவா. தலை சுத்துதா? இந்தா.

...

பாத்தீங்களா தம்பி? கிட்ட வந்தாளா? டம்ளரைத் தொட்டாளா? தொட்டா. அந்த வெட்டுன பேரு மேல ஒரு விரல் வச்சா, நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல. குனிஞ்சு என்ன கேட்டான்னு உங்களுக்குக் கேட்டிருக்காது. வழக்கமாக் கேக்கறதுதான். "என்ன மாத்திரைப்பா அது?" கோவமே இல்லாமதான் கேட்டா. அவ்வளவு தாகத்துலயும் தண்ணியைப் பாக்கல, என் மூஞ்சியைத்தான் பாத்தா.

நானும் வழக்கமாச் சொல்றதுதான் சொன்னேன். சத்து மாத்திரைம்மா.

அதான், போயிட்டா. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போறா பாருங்க. கூடப் போயிப் பிடிச்சா கையை உதறிருவா, அதான் போகல.

இந்தாங்க தம்பி, நீங்க குடிங்க. கீழ கொட்ட மனசு வரல. நான் குடிக்க முடியாது, அவ இன்னும் குடிக்கலையே.